அரைக்கூடு

விலையைச் சொன்ன இரவு
ஐலா டாலரில் கேட்கவில்லை.
"எத்தனை புயல்?" என்றாள்.
நாற்பத்தொன்று.
டுலூத்தின் மேட்டுத் தெருக்களில்
விடியுமுன் மூன்று மணிக்குப்
பனி தள்ளும் வண்டியின் கூண்டுக்குள் உட்கார்ந்து
கூடுதல் கூலியாய் நான் சேர்த்த
நாற்பத்தொரு புயல்.
என் பிக்கப் வண்டியை விற்றாலும் அவ்வளவு தேறாது.

செர்ரியைக் கடித்ததும் தெரிகிற சிவப்பு.
கழுத்திலிருந்து அடிவரை நடுவே
ஒரு மேப்பிள் கட்டை,
இருபுறமும் வெறும் காற்று.
முழுக்கக் கூடாய் இருந்தால்
ஆம்ப் பக்கம் திரும்பியதும் ஊளையிடும்.
முழுக்கக் கட்டையாய் இருந்தால்
எதற்கும் அசைந்துகொடுக்காது.
ரெண்டுங்கெட்டான்,
என்று சொல்லிக்கொண்டேன் அன்போடு.
எனக்கும் ஐம்பத்திரண்டு வயது.
இடது காதுதான் ஒழுங்காய்க் கேட்கிறது.

ஜனவரியில் ஹீட்டர்
வீட்டின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும்.
மரம் வெடிக்கும் என்று பயமுறுத்தியிருந்தார்கள்.
எஃப் துளைக்குள்
நனைத்த பஞ்சுக்குழாய் ஒன்றைத் தொங்கவிட்டேன்.
பெட்டிக்குள் ஈரமானி: நாற்பத்தைந்து.
நாளுக்கு மூன்றுமுறை திறந்தேன்
முள்ளைப் பார்க்க.
ஐலா உதட்டில் வாசலின் தடவிக்கொண்டே
"எனக்கும் ரெண்டு துளை போட்டு
தண்ணி ஊத்தேன்" என்றாள்.

வாசிக்காமல் இல்லை.
பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு,
பொத்தான் உரசாதிருக்கக்
கம்பளிச் சட்டையை முன்பின்னாய் மாட்டிக்கொண்டு,
சோபாவின் நடுவில்,
சத்தமில்லாமல்,
வேறு யாருடையதையோ வாசிப்பவன் போல.
வெள்ளிக்கிழமைகளில் கர்லிங் கிளப்புக்கு
பழைய கிட்டாரையே எடுத்துப் போனேன்.
புதுசு இன்னும் பழகவில்லை என்றேன்.
காகித ஆலையில் ஷிப்ட் முடித்துவந்து
டிரம்ஸைப் பூட்டிக்கொண்டிருந்த டெல்மர்
நிமிரவே இல்லை.
"கப்பல் வாங்கிக் கரையிலேயே
வச்சிருக்கிறவன் நீ."

மார்ச் கடைசி வாரம்
ஏரியின் பனி விரிசல் விட்டது.
தாது ஏற்ற வந்த முதல் கப்பல்
இரவு பத்தரைக்குக் கால்வாய் வாயில் நின்று கூவியது.
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு.
தூக்குப்பாலம் அதையே திருப்பிச் சொன்னது.
நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாலத்துக்கும் பிறகு
மூன்றாவதாய் ஒரு குரல்.

ஃபிரிட்ஜ் என்று நினைத்தேன்.
ஃபிரிட்ஜைத் தொட்டும் பார்த்தேன்.
ஈரம் பார்க்கத் திறந்த பெட்டியை
மூட மறந்திருக்கிறேன்.
வயர் இல்லை, யாரும் தொடவில்லை,
ஐந்தாவது கம்பி மட்டும்
கண்ணுக்கு இரண்டாய்த் தெரிந்தது.
விரல் வைத்தேன். அடங்கியது.
எடுத்தேன்.
கப்பல் மறுபடி கூவியது,
மறுபடி இரண்டானது.

நாற்பத்தொரு புயல் கொடுத்தவனை விட்டுவிட்டு
எவனோ ஒரு மாலுமிக்குப்
பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.
ஈரத்துண்டோடு நின்றேன்.
கோபம்தான் முதலில் வந்தது.

அடுத்த வெள்ளி, கிளப்.
கற்கள் பனியில் உருண்டு மோதுகிற சத்தம்
கண்ணாடிக்கு அப்பால்.
சட்டை நேராய், பெல்ட் இடுப்பில்.
மூன்றாவது பாட்டின் நடுவில்
ஆம்பிலிருந்து நான்கு தப்படி தள்ளி
இடது காதை அதற்குக் கொடுத்துத் திரும்பினேன்,
அந்தக் கம்பியை ஒருமுறை தட்டினேன்.
சாகவில்லை.
தட்டிய ஓசை தேய வேண்டிய இடத்தில்
பருத்தது.
கூடு என் வயிற்றில் துடித்தது,
கட்டை அதை ஊளையாக விடாமல் பிடித்திருந்தது,
நான் ஒன்றும் செய்யவில்லை,
நகராமல் நின்றேன், அவ்வளவுதான்.
டெல்மரின் குச்சிகள் அந்தரத்தில்.
அவனும் எண்ணுவதை விட்டிருந்தான்.

வீட்டில் விளக்கடியில் திருப்பிப் பார்த்தோம்.
பின்பக்கச் சிவப்பில் ஒரு கீறல்,
சுண்டுவிரல் நகத்தின் நீளம்,
அடியில் வெளிறிய மரம்.
ஐலா அதைத் தடவிப் பார்த்தாள்.
"இது எந்தப் புயல்?"

நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.